பாக் விரிகுடா, மன்னார் வளைகுடாவின் கடலடியைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்பார்கள். இந்த இரண்டு கடலிலும் கரையோர ஆழங்குறைந்த பகுதியில் தாழை, பவளப்பாறை, மணல், சேறு ஆகியவை எங்கே, எவ்வளவு பரப்பில் கிடக்கின்றன என்று படம் பார்த்து வரைகிறவர்களுக்காக இந்தப் பக்கம். கேள்விகள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களிடமிருந்து வந்தவை. சில செய்தியாளர்களும் மீனவர்களும் கேட்டவை. கடற்புல்லைக் கரையில் தாழை என்றே சொல்வதால் இங்கேயும் அதுதான்.

அவ்வளவு உயரத்திலிருந்து கடலடி உண்மையிலேயே தெரியுமா?

தெரியும், தண்ணீர் அனுமதித்தால். வெயில் கடலுக்குள் இறங்கி, அடியில் பட்டு, அதே தண்ணீரைக் கடந்து மறுபடி மேலே வர வேண்டும். போகும்போதும் வரும்போதும் தண்ணீர் ஒளியை விழுங்குகிறது, ஆனால் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் அல்ல. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு அரை மீட்டர் ஆழத்திலேயே ஏறக்குறைய முழுதும் போய்விடும். சிவப்பு, சுத்தமான தண்ணீரிலும், 2 மீட்டர் அடியிலிருந்து திரும்பும்போது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மிஞ்சும். 5 மீட்டரில் நூற்றில் ஒன்றோ இரண்டோதான். நீலமும் பச்சையும் மட்டுமே ஆழம் வரை போய்த் திரும்புகின்றன. கடலடி வரைபடம் என்ற வேலை முழுவதும் அந்த இரண்டு நிறங்களின் மேல்தான் நிற்கிறது.

எத்தனை மீட்டர் ஆழம் வரை நம்பலாம்?

ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. கணக்கு போட்டுப் பாருங்கள். தெளிந்த தண்ணீரில் பச்சை ஒளியின் தேய்வுக் கெழு (ஒளி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று காட்டும் எண்) மீட்டருக்கு 0.1 என்று வைத்துக்கொண்டால், 5 மீட்டர் அடியிலிருந்து திரும்பி வருவது சுமார் 37 சதவீதம். கொஞ்சம் கலங்கி அந்தக் கெழு 0.3 ஆகிவிட்டால், அதே 5 மீட்டரில் 5 சதவீதம். 10 மீட்டரில் ஒரு சதவீதத்தில் கால் பங்கு. அந்தக் கால் பங்கைப் படத்தின் இரைச்சலிலிருந்து பிரிக்க எந்த மென்பொருளாலும் ஆகாது.

பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 9 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. அதைக் கேட்டதும் பலர், 'அப்படியானால் விரிகுடா முழுவதையும் வரைந்துவிடலாமே' என்று கிளம்புகிறார்கள். ஆழம் குறைவாக இருப்பதுதான் அங்கே இடைஞ்சலே. அலை அடித்தால் அடிச்சேறு அப்படியே மேலே கிளம்பிவிடும். நல்ல நாளில் வடகடலில் நான்கைந்து மீட்டர் வரை துணிந்து வகைப்படுத்தலாம். தென்கடலில் தீவுகளின் கடல்பக்கம் அதைவிட ஆழமாகவும் போகலாம்.

எந்த மாதத்துப் படம் எடுக்க வேண்டும்?

அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்று வடகடலைக் கலக்கிக்கொண்டிருக்கும், மேகமும் விடாது. மே கடந்தால் தென்மேற்குக் காற்று தென்கடலைப் பிடித்துக்கொள்ளும். இடையில் கிடைப்பது பிப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையிலான சிறு சாளரம். அதிலும் ஏப்ரலில் சூரியன் இந்த அட்சரேகைக்கு நேர் மேலே வந்துவிடுவதால், கடல்பரப்பில் பட்ட வெயில் நேராகக் கேமராவுக்குள் எதிரொளிக்கும். படத்தில் வெள்ளை வெள்ளையாக மினுக்கும். ஆக, பிப்ரவரியும் மார்ச்சும்.

மாதம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. முந்தைய இரண்டு மூன்று நாள் காற்று எப்படி இருந்தது என்றும் பாருங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் ஐந்து நாளுக்கு ஒருமுறை வருவதால், ஒரு பருவத்தில் பத்துப் பதினைந்து படமாவது கிடைக்கும். எல்லாவற்றையும் திரையில் வரிசையாக விரித்து, கண்ணால் பார்த்து, தெளிவான இரண்டு மூன்றை மட்டும் பொறுக்குவதே என் வழக்கம். மேகம் எத்தனை சதவீதம் என்று தேடுபொறி சொல்லும் எண்ணை நம்பி இறக்கினால், மேகமே இல்லாத, சேறு மட்டும் தெரிகிற படம்தான் கையில் வரும்.

கூகுள் வரைபடத்தில் கரையோரம் கறுப்பாகத் தெரிவதெல்லாம் தாழைதானே?

இல்லை. தாழையும் கறுப்பாகத் தெரியும் என்பதே சரி. ஆழமான பள்ளம் கறுப்பு. பாசி படர்ந்த பாறை கறுப்பு. மேக நிழல் கறுப்பு. கரையில் ஒதுங்கிய தாழைக் கழிவு கறுப்பு. மண்டபம் பக்கம் வடகடலில் இன்னொன்றும் உண்டு: கப்பாபைகஸ் பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகள். ஒரு மிதவை சுமார் 3 மீட்டருக்கு 3 மீட்டர்தான். ஆனால் வரிசையாகக் கட்டிப் போட்டிருக்கும்போது 10 மீட்டர் படப்புள்ளியில் (பிக்சலில்) அது அசல் தாழைத் திட்டு மாதிரியே இருக்கும். தாழைக்குச் சதுர மூலை கிடையாது என்பது ஒரு சின்ன அடையாளம். மிதவையின் இடம் மாதத்துக்கு மாதம் மாறும், தாழையின் இடம் மாறாது என்பது அதைவிட நல்ல அடையாளம்.

எந்தச் செயற்கைக்கோள்? நம் நாட்டுப் படங்களே போதாதா?

இலவசமாகக் கிடைப்பவற்றில் சென்டினல்-2தான் முதல் தேர்வு. 2015-இல் முதல் கலம் போனது; நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் 10 மீட்டர் நுணுக்கத்தில் கிடைக்கும். ஒரு படப்புள்ளி 100 சதுர மீட்டர். நூறு புள்ளி ஒரு ஹெக்டேர். பழைய காலத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் லேண்ட்சாட் தவிர வேறு வழியில்லை. நுணுக்கம் 30 மீட்டர்தான், ஆனால் சேமிப்பு 1980-களுக்கும் போகிறது, 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். காசு இருந்தால் வேர்ல்ட்வியூ-2: இரண்டு மீட்டர் அளவில் எட்டு நிறப்பட்டைகள், அதில் ஒன்று கடற்கரை வேலைக்கென்றே வைத்த ஆழ்நீலம்.

இந்தியப் படங்களில் ஒரு வருத்தமான கதை இருக்கிறது. 1988-இல் ஏவிய ஐ.ஆர்.எஸ்-1ஏ கலத்தின் லிஸ்-2 கேமராவில் நீலப் பட்டை இருந்தது. அடுத்து வந்த லிஸ்-3, லிஸ்-4 கேமராக்களில் அது இல்லை. பயிரும் காடும் பார்க்கவென்று அமைந்த பச்சை, சிவப்பு, அகச்சிவப்புதான். லிஸ்-4 படம் 5.8 மீட்டர் நுணுக்கம், பார்க்கக் கூர்மையாக இருக்கும். ஆனால் தண்ணீருக்குள் இறங்கும் நிறம் அதில் பச்சை ஒன்றே. ஓஷன்சாட் வரிசையில் நீலம் உண்டு, ஆனால் ஒரு புள்ளியே முந்நூறு மீட்டருக்கு மேல்; அதில் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு சில புள்ளிகளில் முடிந்துபோகும். கலங்கிய வடகடலில் நீலத்தைவிடப் பச்சையே நன்றாக ஊடுருவும் என்பதால் கரையோர இரண்டு மீட்டர் ஆழத்துக்கு லிஸ்-4 உதவும். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

படத்தை இறக்கியாயிற்று. அடுத்து?

நிலத்தையும் மேகத்தையும் வெட்டி எறியுங்கள். பிறகு காற்றைக் கழியுங்கள். கடலுக்கு மேலே கேமரா வாங்கும் ஒளியில் பெரும்பங்கு, சில நேரம் பத்தில் ஒன்பது பங்கு, கடலைத் தொடாமலே வளிமண்டலத்தில் சிதறி வந்தது. நிலத்துக்கென்று தயாரான திருத்தத்தை அப்படியே கடலுக்குப் போட்டால் நீலப் பட்டையில் தவறு வரும். அகோலைட் போன்ற, நீர்ப்பரப்புக்கென்று எழுதிய இலவச மென்பொருள்கள் இருக்கின்றன; அவற்றையே பயன்படுத்துங்கள்.

மினுக்கலைக் குறைக்க ஒரு எளிய வழி உண்டு. அகச்சிவப்பு அடிவரை போகாது என்று பார்த்தோம். ஆகவே ஆழக்கடலில் அகச்சிவப்பில் எது தெரிந்தாலும் அது மேற்பரப்பின் மினுக்கல்தான். அது நீலம், பச்சையில் எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஆழப் பகுதியில் கணக்கிட்டு, படம் முழுக்கக் கழித்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: அரை மீட்டர் தண்ணீரில் இலை மேற்பரப்பு வரை எட்டி நிற்கும் தாழை அகச்சிவப்பில் பளிச்சென்று தெரியும். இந்தத் திருத்தம் அதையும் மினுக்கல் என்று நினைத்து அழித்துவிடும்.

ஆழம் கூடினால் மணலும் கறுக்கிறதே, தாழையிலிருந்து எப்படிப் பிரிப்பது?

இந்தத் துறையின் நடுக் கேள்வியே இதுதான். 5 மீட்டரில் கிடக்கும் மணலும் 1 மீட்டரில் நிற்கும் தாழையும் ஒரே பிரகாசத்தில் தெரியலாம்.

டேவிட் லைசெங்கா 1978-லும் 1981-லும் எழுதிய கட்டுரைகளில் சொன்ன வழி இன்றும் ஓடுகிறது. ஒளி ஆழத்தோடு அடுக்குக்குறி முறையில் தேய்வதால், மடக்கை எடுத்துவிட்டால் அது நேர்கோடாகிவிடும். பல ஆழங்களில் மணல் மட்டுமே இருக்கும் புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். அவற்றின் நீலத்தின் மடக்கையை ஒரு அச்சிலும் பச்சையின் மடக்கையை மறு அச்சிலும் குறித்தால் எல்லாம் ஒரே கோட்டில் வரிசையாக நிற்கும். தாழைப் புள்ளிகளைக் குறித்தால் அவையும் ஒரு கோட்டில் நிற்கும், அதே சாய்வில், சற்றுத் தள்ளி. ஆழம் மாறினால் புள்ளி கோட்டின் மேலேயே நகரும். அடித்தரை மாறினால்தான் வேறு கோட்டுக்குத் தாவும். எந்தக் கோடு என்ற அந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஆழத்தை மறந்துவிடலாம்.

இந்த அழகான வழி ஒரு நிபந்தனையில் நிற்கிறது: படம் முழுக்கத் தண்ணீர் ஒரே தெளிவில் இருக்க வேண்டும். தேவிபட்டினம் கரையோரத் தண்ணீரும் தனுஷ்கோடி முனைத் தண்ணீரும் ஒரே நாளில்கூட ஒன்றல்ல. ஒரே சாய்வை விரிகுடா முழுக்கப் போட்ட வரைபடங்களில் கரைக்கு இணையாக நீண்ட 'தாழைப் பட்டை' ஒன்று தோன்றும். போய்ப் பார்த்தால் வெறும் கலங்கல். கடலைத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாய்வு கணக்கிடுங்கள்.

ஆழமே கையில் இருந்தால் அதை ஒரு தனிப் பட்டையாகச் சேர்த்து, 'ரேண்டம் ஃபாரஸ்ட்' போன்ற, மாதிரிப் புள்ளிகளைப் பார்த்துப் பழகும் வகைப்படுத்தி நிரலுக்குக் கொடுக்கலாம். 2018-இல் ஏவிய ஐஸ்சாட்-2 பச்சை லேசரால் ஆழம் அளக்கிறது, தெளிந்த கடலில் 40 மீட்டர் வரைகூட. அது போகும் கோட்டில் மட்டும்தான் அளவு கிடைக்கும். அந்தக் கோட்டை வைத்துப் படத்தைப் பழக்கி மற்ற இடங்களை நிரப்ப வேண்டும். ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) இங்கே ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடுவது நம் அதிர்ஷ்டம். ஆனாலும் திருத்தாமல் விடாதீர்கள்.

என்.டி.வி.ஐ போட்டால் தாழை வந்துவிடாதா?

வராது. அது செடியின் பசுமையை அளக்க அகச்சிவப்பை நம்பிய குறியீடு, வயலுக்கு. நீர்வற்றில் தலைகாட்டும் தாழைக்கு வேண்டுமானால் சரி.

தாழையில் என்ன இனம் என்றும், பவளம் உயிரோடு இருக்கிறதா என்றும் சொல்ல முடியுமா?

பத்து மீட்டர் படத்தில் முடியாது. தாழைக்கும் பாசிக்கும் பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கும் பச்சையம் பொது. நிறமாலையில் இவற்றுக்குள் இருக்கும் வேறுபாடுகள் மெல்லியவை, அவையும் பெரும்பாலும் சிவப்பின் ஓரத்தில் இருப்பவை; அந்த நிறத்தைத் தண்ணீர் முதலிலேயே விழுங்கிவிடுகிறது. அடர்ந்த தாழை, ஐதான தாழை, மணல், சேறு, கடினத்தரை என்று ஐந்து வகுப்போடு நிற்பவர் சொல்வதை நான் நம்புவேன். பதினைந்து வகுப்பு, அதில் இன வாரியாகத் தாழை என்று சென்டினல் படத்திலிருந்து வரைந்து வருகிறவரிடம், எத்தனை இடத்தில் தண்ணீரில் இறங்கிப் பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

செத்த பவளத்தின் மேல் சீக்கிரமே பாசி படர்ந்துவிடும். அதன்பின் வானத்திலிருந்து பார்த்தால் உயிருள்ளதும் செத்ததும் ஒன்றுதான். குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் ஏறிய கப்பாபைகஸ் விஷயத்திலும் இதே கதை. அதைக் கண்டுபிடித்தது தண்ணீருக்குள் இறங்கிய கண்கள்.

பவள வெளுப்பைச் செயற்கைக்கோள் முன்கூட்டியே சொல்கிறதே?

அது வேறு செயற்கைக்கோள், வேறு வேலை. வெப்ப எச்சரிக்கை கடல்பரப்பின் சூட்டை அளப்பது. அமெரிக்காவின் நோவா நிறுவனம் 5 கிலோமீட்டர் கட்டங்களில் சூடு வழக்கமான உச்சத்தைவிட எத்தனை டிகிரி கூடி எத்தனை வாரம் தேங்கியது என்று கணக்கிடுகிறது: 4 டிகிரி-வாரம் தாண்டினால் வெளுப்பு, 8 தாண்டினால் சாவும் தொடங்கலாம். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனமும் இந்தியப் பவளத்திட்டுகளுக்கு இப்படி எச்சரிக்கை தருகிறது. இரண்டுமே பவளத்தைப் பார்ப்பதில்லை. பவளம் இருக்கும் தண்ணீரின் காய்ச்சலைப் பார்க்கின்றன.

வெளுத்த பவளத்தையே படத்தில் பிடிக்க வேண்டுமானால், வெளுப்புக்கு முன்னும் வெளுத்தபோதும் எடுத்த இரண்டு தெளிந்த படம் வேண்டும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016, 2024 வெளுப்புகளெல்லாம் கோடையில் வந்தவை. அப்போதுதான் மினுக்கலும் அதிகம். அமையும் வாய்ப்பு குறைவு.

நேரில் சரிபார்க்க எப்படிப் போவது?

முதலில் அனுமதி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டரும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவுப் பக்கம் ஆய்வுக்குப் போகக் கூடாது.

இடம் தேர்வு செய்யும்போது குறைந்தது 30 மீட்டருக்கு 30 மீட்டர் ஒரே மாதிரி இருக்கும் திட்டாகப் பாருங்கள். கைபேசி ஜி.பி.எஸ் நான்கைந்து மீட்டர் தள்ளும், படமே ஒரு புள்ளி தள்ளியிருக்கலாம், படகு வேறு இழுபடும். திட்டின் ஓரத்தில் எடுத்த புள்ளியால் பயனில்லை. ஒவ்வொரு இடத்திலும் அரை மீட்டர் சதுரச் சட்டத்தை நாலைந்து முறை போட்டு, மூடியிருக்கும் அளவைக் குறித்து, சட்டத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். மணல் மட்டும் கிடக்கும் இடத்தையும் சேறு மட்டும் கிடக்கும் இடத்தையும் பதிவு செய்ய மறக்காதீர்கள். தாழை பார்க்கப் போனவர்கள் கொண்டுவரும் பட்டியலில் தாழை மட்டுமே இருக்கும். அதை வைத்து எந்த வகைப்படுத்தியையும் பழக்க முடியாது.

நாட்டுப்படகுக்காரரிடம் 'அண்ணே, இங்க தாழை இருக்கா?' என்று கேட்டால், வந்தவர் ஆசைப்படுகிறார் என்று 'இருக்கு' என்பார். 'நண்டு வலை எங்க போட்டா தாழை சுத்திக்கிட்டு வருது? எத்தன பாகத் தண்ணி?' என்று கேளுங்கள். பாகம் ஆறடி அளவு, மீட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். அவர் கைகாட்டும் எல்லை, கரையில் கோபுரமும் பனையும் எந்தக் கோணத்தில் சேர்கின்றன என்பதை வைத்துச் சொல்வதாக இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கலங்கல் மறைத்து எந்தப் படத்திலும் தெரியாத தாழைக்கு இதுதான் ஆதாரம்.

'துல்லியம் 85 சதவீதம்' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

எந்த வகுப்புக்கு என்று கேளுங்கள். மொத்தப் பரப்பில் மணல் பத்தில் ஒன்பது என்றால், எல்லாவற்றையும் மணல் என்று எழுதினாலே 90 சதவீதம் வந்துவிடும்.

பரப்பளவு இன்னும் சிக்கல். ஒரு உதாரணம்: வரைபடத்தில் தாழை 1,000 ஹெக்டேர், மணல் 9,000 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். சரிபார்த்ததில் தாழை என்று போட்ட இடங்களில் 80 சதவீதம் சரி. மணல் என்று போட்ட இடங்களில் 5 சதவீதம் உண்மையில் தாழை. அப்படியானால் தாழையின் பரப்பு 800-உம் 450-உம் சேர்த்து 1,250 ஹெக்டேர். வரைபடப் புள்ளிகளை எண்ணி 1,000 என்று எழுதினால் ஐந்தில் ஒரு பங்கு விட்டுப்போகிறது. பெரிய வகுப்பில் நேரும் சின்னத் தவறு சின்ன வகுப்பை விழுங்கிவிடும்.

'பத்தாண்டில் தாழை 20 சதவீதம் அழிந்தது' என்ற செய்திகள்?

இரண்டு வரைபடத்தைக் கழித்து வந்த எண்ணா என்று பாருங்கள். இரண்டும் 85 சதவீதம் சரி என்றால், இரண்டிலும் சேர்த்துச் சரியாக இருக்கும் புள்ளிகள் சுமார் 72 சதவீதம்தான். அழிந்ததாகச் சொல்லும் 20 சதவீதம் மிச்சமிருக்கும் 28-க்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஒன்று 30 மீட்டர் லேண்ட்சாட், மற்றது 10 மீட்டர் சென்டினல் என்றால் ஒப்பிடவே கூடாது. பெரிய புள்ளியில் கரைந்துபோன சிறு திட்டுகள் சின்னப் புள்ளியில் 'புதிதாக முளைத்தது' போல வரும். பழைய படம் தெளிந்த நாள், புதியது கலங்கிய நாள் என்றாலும் கடலில் ஒன்றும் நடக்காமலே தாழை அழிந்துவிடும்.

தாழைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வரவில்லை. இழுவலையும் கழிவுநீரும் என்ன செய்கின்றன என்று மூழ்கிப் பார்த்தவர்கள் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. அந்த எண்ணுக்குத்தான் இல்லை.

ஆலன் பவள அட்லஸ் இணையத்தில் இலவசமாக இருக்கிறதே, அது போதாதா?

தொடங்குவதற்கு நல்லது. பிளானட் நிறுவனத்தின் சிறு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகப் பவளத்திட்டுகள் முழுவதையும் 2021-இல் வரைந்து முடித்தார்கள். அடித்தரை வகுப்புகள் சுமார் 10 மீட்டர் ஆழம் வரை. ஆனால் அதில் பவளமும் பாசியும் சேர்ந்து ஒரே வகுப்பு என்பதைக் கவனியுங்கள். அந்த நிறத்தைப் பார்த்து 'உயிருள்ள பவளம்' என்று அறிக்கையில் எழுதினவர்கள் உண்டு.

ட்ரோன் பறக்கவிடலாமா?

சென்டிமீட்டர் நுணுக்கம் கிடைக்கும். ஆவுளியா (கடல்பசு) மேய்ந்துபோன ஒரு சாண் அகலத் தடம்கூட ஆழங்குறைந்த இடத்தில் தெரியும். ஆனால் உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம், பக்கத்திலேயே சர்வதேச எல்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் உங்கள் இடம் எந்த மண்டலம் என்று பார்த்து, எழுத்தில் அனுமதி வாங்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள். காலை வெயில் சாய்ந்திருக்கும்போது பறக்கவிட்டால் மினுக்கல் குறையும்.

ஆவுளியாவே செயற்கைக்கோளில் தெரியுமா?

நாம் பேசும் படங்களில் தெரியாது. மூன்று மீட்டர் விலங்கு, பத்து மீட்டர் புள்ளி.

இந்த வரைபடத்தைக் காட்டி எங்களைத் தொழில் செய்ய விடாமல் தடுப்பார்களா?

கரையில் எப்போதும் வரும் கேள்வி. நியாயமானதுதான். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலை ஆவுளியா பாதுகாப்பகமாக அறிவித்தபோது, தாழை எங்கே இருக்கிறது என்ற தகவலும் அந்தப் பேச்சில் இருந்தது.

அதே வரைபடம் மறுபக்கமும் பேசும். 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி விசைப்படகு கரையிலிருந்து குறித்த தூரத்துக்குள் வலை இழுக்கக் கூடாது. செயற்கைக்கோளில் பார்க்க முடிகிற தாழையில் பெரும்பகுதி அந்தக் கரையோரத்தில்தான் கிடக்கிறது. நாட்டுப்படகுச் சங்கம் கலெக்டரிடம் மனு கொடுக்கும்போது, 'எங்கள் நண்டுப்பாடு இங்கே, இழுவலை நுழைவது இங்கே' என்று தாழை வரைபடத்தின் மேலேயே குறித்துக் கொடுக்கலாம். ஆகவே வரைபடம் முதலில் சங்கத்தின் கைக்குப் போக வேண்டும், தமிழில், ஊர்க்காரர் வைத்த திட்டுப் பெயர்களோடு. அப்படிக் கொடுக்க மனமில்லாத ஆய்வாளருக்குப் படகு தராமல் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

அடி தெரியாத இடத்துக்கு வரைபடத்தில் என்ன நிறம் போடுவது?

சாம்பல். விளக்கத்தில் 'கலங்கலால் வகைப்படுத்தவில்லை' என்று எழுதி, படம் எடுத்த தேதியையும் போடுங்கள். வழிகாட்டி பேராசிரியர் அரைவாசி சாம்பலாக இருக்கிறதே என்று கேட்பார். பக்கத்துப் புள்ளியைப் பார்த்து நிரப்பித் தரும் பொத்தான் எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. அதை அமுக்கினால் அந்த இடம் மணலாகிவிடும், நாளைக்கு யாராவது அதை மணல் என்று நம்பி அங்கே படகுத்துறை வரைவார்கள்.

கல்லூரித் திட்டத்துக்கு எங்கிருந்து தொடங்கலாம்?

விரிகுடா முழுவதும் வேண்டாம். கரையிலிருந்து நடந்தோ நாட்டுப்படகிலோ எட்டக்கூடிய பத்துச் சதுர கிலோமீட்டர் போதும். அதுவே ஒரு லட்சம் படப்புள்ளி. தொண்டிப் பக்கக் கரை பழகுவதற்கு வசதி: ஆழம் மெல்லக் கூடுகிறது, தேசியப் பூங்காவின் எல்லைக்கும் வெளியே. மார்ச் மாதத்துச் சென்டினல் படம் ஒன்று, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள், ஒரு முகமூடிக் கண்ணாடி, ஒரு சதுரச் சட்டம். கணினியில் உட்காருவதற்கு முன் ஒருநாள் தண்ணீரில் இறங்கிவிடுங்கள். சேறு கிளம்பும் முன், காலை ஏழு மணிக்கு.